கூப்பிட்ட குரலுக்கு

காலையில் எழுந்ததும் பாலை அடுப்பில் வைப்பேன். அது காய்வதற்குள் பல் தேய்த்துவிடலாம். நாயின் தட்டைக் கழுவித் தீனி போட்டு, தண்ணீர் மாற்றுவேன். நாய் உடனே சாப்பிடாது. படுக்கையறை, குளியலறை, பால்கனி என்று ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்க்கும், யார் வந்திருக்கிறார்கள் யார் மட்டம் போட்டார்கள் என்று பார்ப்பதுபோல. அதனால்தான் என் மனைவி அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். முன்பெல்லாம் ஒரு சுற்று முடிந்ததும் சாப்பிட வரும். இப்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. நான் டீ குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, சட்டையை இஸ்திரி போட்டுக் கிளம்பும்போதும் தட்டு அப்படியே இருக்கும்.

அன்று இஸ்திரி போடவில்லை. கைக்குக் கிடைத்த துணிகளைப் பையில் திணித்தேன்.

ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே ஒரு வாரம் தங்குவதற்கு அவள் எப்போதோ ஏற்பாடு செய்துவைத்த வீடு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு நினைவு வரவில்லை. வீட்டுக்காரம்மா போன் செய்து, எப்போது வருவீர்கள் என்று கேட்டார். நடந்ததைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "சாயங்காலம்" என்று வந்துவிட்டது.

மச்சினிக்குத் தகவல் சொன்னேன்.

"தனியாவா மாமா?"

"மேனேஜரும் வருது."

"திரும்பி வரும்போது அதை எங்க வீட்ல விட்டுடுங்க. அக்காவோடதுன்னு ஏதாவது ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும். உங்களுக்கும் அதுக்கும் ஒட்டவே இல்ல. ஒரே வீட்ல வாடகைக்கு இருக்கற ரெண்டு பேர் மாதிரி இருக்கீங்க."

மறுக்க எதுவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடுவதாகச் சொன்னேன்.

அங்கே இரண்டே அறைகள். நாய் அவற்றைப் பார்த்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தது. நான் நாற்காலியை ஜன்னலருகே போட்டேன். வெயில் அடித்தது. சுவரோரம் போட்டேன். அங்கேயும் உட்காரப் பிடிக்கவில்லை. தீப்பெட்டி வாங்கக் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், பிஸ்கட்டோடு திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

பக்கத்து வீட்டில்தான் வீட்டுக்காரம்மாவும் அவர் கணவரும் இருந்தார்கள். டிராக்டர் ஓட்டி ஓட்டி அவருக்குக் காது மந்தம். சாயங்காலம் அந்த அம்மா வயலைப் பார்த்து உரக்கக் குரல் கொடுத்தார்.

"என்னங்க!"

வாசலில் படுத்திருந்த மேனேஜர் பாய்ந்து ஓடியது. நானும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தேன். உட்கார்ந்தேன்.

பெயர்தான் மேனேஜர். எங்கள் வீட்டில் என் மனைவி அதிகம் கூப்பிட்டது என்னை. குட்டியாக வந்ததிலிருந்து 'என்னங்க' என்ற சொல்லையே கேட்டு, தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நாய் முடிவு கட்டிவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் அது அவள் முன்னால் நின்றிருக்கும். "யாரைக் கூப்பிட்டே?" என்பேன். "உங்களை இல்ல, அவரை" என்பாள். கையில் மூடி திறக்க வராத பாட்டில் இருக்கும்.

நாயை அழைத்துவர எழுந்து போனேன்.

"இதென்ன கூத்து?" என்றார் வீட்டுக்காரம்மா. "கட்டின மனுஷனைக் கூப்பிட்டா நாய் வந்து நிக்குது. அவர் என்னடான்னா திரும்பியே பார்க்க மாட்டேங்கறார்."

"வீட்ல என்னை அப்படிக் கூப்பிடுவாங்க. இது தன் பேருன்னு நினைச்சுக்கிச்சு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்க வீட்டம்மா வரலையா?"

"தவறிட்டாங்க."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கி நடந்தார். கணவரின் தோளைத் தட்டிக் கூட்டி வந்தார். அதன் பிறகு தினமும் அப்படித்தான். எவ்வளவு தூரமானாலும் நடந்துபோய்த் தட்டினார்.

மேனேஜருக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒரு தடவை கேட்ட குரல் மறுபடி வரவேண்டுமே. வேலி ஓரமாகவே நடந்துகொண்டிருந்தது. நானும் அதோடு நடந்தேன். உட்கார்ந்திருப்பதற்கு அது தேவலை.

சனிக்கிழமை திடீரென்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. வெளியே வைக்கோல் காய்ந்துகொண்டிருந்தது. அவசரத்தில் அந்த அம்மாவுக்கு மறந்துவிட்டது.

"என்னங்க! மழை!"

மேனேஜரின் கயிறு என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. நாய் அவர் முன்னால் போய் நின்று, முகர்ந்து, முகத்தை அண்ணாந்து பார்த்தது. "உன்னை இல்லடா கண்ணு" என்றார். அவ்வளவுதான். வேறு எங்கோ தேடவேண்டும் என்பதுபோலத் திரும்பி, வயலைக் குறுக்கே கடந்து, வாய்க்காலோரம் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்த கோரைக்குள் புகுந்து மறைந்தது.

மழை பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் வேகமாகப் போனது. நானும் அவர்கள் இருவரும் கரையில் நடந்தோம். "மேனேஜர், மேனேஜர்" என்று கத்தினேன்.

"எந்த மேனேஜர்?" என்றார் வீட்டுக்காரர். "பேங்க் மேனேஜரா? இந்த மழையிலயா வந்தாரு?"

"நீங்க சும்மா வாங்க" என்றார் அம்மா. என் பக்கம் திரும்பி, "நான் வேணா கூப்பிடட்டுமா?" என்றார்.

கூப்பிட்டார். கோரை அசையவில்லை. அந்தக் குரல் யாருடையது என்று அதற்கு இப்போது தெரிந்துவிட்டது.

நான்தான் மிச்சம். அந்த வார்த்தையை நான் ஒருநாளும் சொன்னதில்லை. அது என்னைக் கூப்பிடுவதற்கு உள்ள வார்த்தை. முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"என்னங்க!"

"என்னடி?" என்று வீட்டுக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். 'என்னங்க' என்பது அந்த ஒரு தடவைதான் அவர் காதில் விழுந்தது. அந்த அம்மா சிரிக்கவும் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கோரை விலகியது. மேனேஜர் உடம்பெல்லாம் சேறாக வந்து என் முன்னால் நின்றது. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. பிறகு என் காலில் சாய்ந்துகொண்டது.

அறைக்கு வந்து துடைத்துவிட்டேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தட்டில் பாதியைச் சாப்பிட்டது.

மச்சினிக்குப் போன் செய்தேன். "நாளைக்கு மேனேஜரைக் கொண்டு வரல."

"ஏன் மாமா? சரின்னு சொன்னீங்களே."

"நீ எப்ப வேணா வந்து பாரு. ஆனா அது எங்கூடத்தான் இருக்கும்."

"அக்கா கடைசியா என் பேரைத்தான் சொன்னாளாம். அம்மா சொன்னாங்க. அவளோடது எதுவுமே எனக்கு இல்லையா?"

மாமியார் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறார். நான் இதுவரை மறுத்ததில்லை. மாமியார் அன்று அங்கே இல்லை.

"அவ புடவையெல்லாம் நீ எடுத்துக்கோ" என்றேன். "ஆனா அவ கடைசியா சொன்னது வேற."

"என்ன சொன்னா?"

சொன்னேன். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைப் படியருகே கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் ஆக்ஸிஜன் முகமூடியோடு காத்திருந்தார். மாட்டிவிட்டால் அப்புறம் பேச முடியாது. மாட்டிய பிறகு அவள் பேசவும் இல்லை. மாட்டுவதற்கு முன்னால் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, "என்னங்க" என்றாள். நான் குனிந்தேன். மேனேஜரும் என் இடுப்புக்கும் கதவுக்கும் நடுவே மூக்கை நுழைத்தது. "என்னம்மா, என்ன வேணும்?" என்றேன்.

"உங்களை இல்ல. அவரை."