இதா, முன்னதா?

அண்ணியின் வலது கைச் சுண்டுவிரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தபோது, அடுத்த மூச்சு வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. விரலை விடவில்லை. ஒவ்வொரு விரலுக்கும் பத்து முறை. ஏழில் நின்றிருந்தது. மீதி மூன்றையும் மெதுவாகச் செய்து முடித்த பிறகுதான் நாடி பார்த்தாள்.

பக்கவாதம் வந்து எட்டு மாதம். போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் விரல்களுக்கான பயிற்சியை அவள் நிறுத்தவில்லை. பிசியோதெரபிஸ்ட் அவள், வீடு வீடாகப் போய்ப் படுத்தவர்களை எழுப்பி உட்கார வைப்பது அவள் பிழைப்பு. கணவனின் அக்காவை மட்டும் எழுப்ப முடியவில்லை.

அண்ணியின் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மேசைமேல் வைத்தாள். டாக்டருக்குப் போன் செய்தாள். பன்னிரண்டு மணிக்குள் வந்து இறப்புச் சான்று எழுதித் தருவதாகச் சொன்னார். கீழ்வீட்டுத் தையல்காரம்மா வந்து, கொஞ்ச நேரம் நின்றபடியே அழுதுவிட்டு, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பிக்குச் சொல்லிட்டியா?"

"அவருக்குப் போன் போகாதுக்கா. கிரேன்ல ஏறுறதுக்கு முன்னாடியே லாக்கர்ல வாங்கி வச்சுடுவாங்க. நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"யார்டு கேட்டுக்குப் போன் அடிச்சா வாட்ச்மேன் சொல்லிடுவாரே?"

"வாட்ச்மேன் வாயால அவர் இதைக் கேக்க வேணாம்."

"இந்த நெலமையில வண்டி ஓட்டுவியா? டாக்ஸி கூப்பிடட்டுமா?"

"ஓட்டுவேன்க்கா."

படிக்கட்டுக்கு அடியில் மோட்டார் சைக்கிள் நின்றது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் கோத்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனை திரும்பும்வரை எதுவும் தோன்றவில்லை. பெரிய சாலை வந்ததும் இந்த வண்டி வாங்கிய ஷோரூம் ஞாபகம் வந்தது.

நான்கு வருஷத்துக்கு முன்பு. பஸ்ஸுக்குக் காத்து நின்றே ஒரு நாளைக்கு இரண்டு நோயாளிகளைத் தவறவிட்டுக்கொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிள் வாங்கப் போவதாகச் சொன்னதும் கணவன் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டான். கூட வேலை செய்த ஒருவனை மோட்டார் சைக்கிள் விபத்தில் பறிகொடுத்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. "நானே கொண்டு போய் விடறேன்" என்றான். எட்டு மணி நேரம் கிரேனில் தொங்குகிறவன் எங்கே வந்து விடுவது? மறுநாள் தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார் அண்ணி. "கிளம்பு டாக்டரம்மா, பாத்துட்டாவது வருவோம்."

ஷோரூம் பையன் இருவரையும் பார்த்ததுமே, "லேடீஸ் ஸ்கூட்டர் அந்தப் பக்கம் மேடம்" என்றான்.

"தம்பி, முப்பது வருஷமா கண்ணாடி மாட்டி விடறேன். ஆம்பளைக் கண்ணா பொம்பளைக் கண்ணான்னு ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்ல. மோட்டார் சைக்கிள் காட்டுங்க."

அவன் காட்டிய முதல் வண்டி பார்வைக்குக் கம்பீரமாக இருந்தது. ஏறி உட்கார்ந்தால் கட்டைவிரல் மட்டும்தான் தரையைத் தொட்டது. இரண்டாவதில் கால் எட்டியது. ஆனால் ஸ்டாண்டிலிருந்து எடுப்பதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. அண்ணிக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடையில் லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பாரே, அதே குரலில், ஒவ்வொன்றிலும் அவளை உட்கார வைத்து, "இதா, முன்னதா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல அவசரப்படுத்தவில்லை. எது நல்லது என்று தன் வாயால் சொல்லவுமில்லை.

மூலையில் நின்ற நான்காவது வண்டி சின்னது, யாரும் திரும்பிப் பார்க்காத சாம்பல் நிறம். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. இறங்கிச் சரிவில் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள், மறுபேச்சில்லாமல் வந்தது. குழி நிறைந்த புறநகர்ச் சாலைக்கு ஏற்ற பெரிய சக்கரம். "இது ரொம்ப சாதாரணம் மேடம், ரெண்டு வருஷத்துல அலுத்துடும்" என்றான் பையன்.

"இதா, முன்னதா?"

"இது அண்ணி."

"அப்ப இதுதான் தம்பி. அலுத்தா அப்ப பாத்துக்கலாம்."

ஞாயிறு காலைகளில் காலி மைதானத்தில் பழகினாள். பின்னால் ஆள் இருந்தால் வண்டி எப்படிப் போகும் என்று தெரிய வேண்டாமா என்று ஐம்பத்தைந்து வயதில் ஏறி உட்கார்ந்தார் அண்ணி. ஒருநாள் மணலில் சறுக்கி இருவரும் விழுந்தார்கள். முழங்கை சிராய்ப்புடன் வீட்டுக்கு வந்து, படியில் வழுக்கியதாகத் தம்பியிடம் சாதித்துவிட்டார். ஒரே ஒரு தடவை அவள் நன்றி என்று வாயெடுத்தாள். "அதைப் பொட்டலம் கட்டி வை. போய் பெட்ரோல் போடு" என்று சொல்லிவிட்டார்.

யார்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது கிரேனின் கை பாதியில் நின்றது. ஏணியில் கணவன் இறங்கி வருவது தெரிந்தது. ஒவ்வொரு படியாக, வழக்கத்தைவிட நிதானமாக.

"மேலேருந்தே பாத்துட்டேன்" என்றான். "அக்கா கஷ்டப்பட்டாளா?"

"இல்லங்க. அவங்க கை என் கையிலதான் இருந்துச்சு."

தலையாட்டினான். மேற்பார்வையாளர் ஓடி வந்து, "வாங்க, கார்ல விட்டுடறேன்" என்றார்.

"வேணாம் சார். இவ கூடவே போறேன்."

நான்கு வருஷத்தில் அவன் இந்த வண்டியில் ஏறியதே இல்லை. ஹெல்மெட் வாரைப் பூட்டத் தெரியாமல் நின்றவனுக்கு அவளே பூட்டிவிட்டாள். "நான் சாயற பக்கமே சாயுங்க. பயந்து எதிர்ப்பக்கம் இழுக்காதீங்க." அவன் ஏறியதும் வண்டி ஒரு அமுங்கு அமுங்கி நிமிர்ந்தது.

இரண்டு சிக்னல் தாண்டியதும் காதருகில் குரல் வந்தது.

"அன்னிக்கு அவ படியில விழலைன்னு எனக்குத் தெரியும். படியில ஏது அவ்வளவு மணல்?"

"ஏன் கேக்கல?"

"கேட்டா ஓட்டறதை நிறுத்தச் சொல்லணும். சொல்லியிருந்தா இந்த எட்டு மாசம் என்ன ஆயிருக்கும்? நீ ஒரு நாளைக்கு நாலு தரம் வண்டியில ஓடி வந்து அவளைப் புரட்டிப் படுக்க வச்ச. முதுகுல ஒரு புண் வரல. நல்லவேளை, ரெண்டு பேரும் என் பேச்சைக் கேக்கல."

அவள் ஹெல்மெட்டின் கண்ணாடி மூடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டாள். காற்று முகத்தில் அடித்தது. அவர்கள் தெருவுக்குத் திரும்பும் வளைவு வந்தபோது அவள் சாய்ந்த பக்கமே அவனும் சாய்ந்தான்.

"மெதுவாப் போ" என்றான்.

"பயமா இருக்கா?"

"இல்ல. மெதுவாப் போ."

இரண்டாவது கியருக்கு இறக்கினாள். தெருவில் வெயில் விழுந்துகிடந்தது. பின்னால் சைக்கிளில் வந்த ஒருவர் மணியடித்துவிட்டு அவர்களைத் தாண்டிப் போனார்.