சேராத முகம்

அந்தப் படத்தை இசக்கிசெல்வி யாரிடமும் கேட்காமல்தான் எடுத்தாள். ஒரகடத்து ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவி, தீவனம் வைக்கும் வேலை அவளுக்கு. ஒரு வருஷத்தில் ஒரு துண்டுப் பஞ்சைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. பிரிண்ட் சரியில்லையென்று, அங்கே ஆராய்ச்சி செய்யும் மெர்சி மேடம் குப்பையில் போட்டதை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். கருவில் இருந்த எலிக்குஞ்சின் முகம் அது. மூக்குக்கு நடுவே பிளந்து கிடந்தது.

போன வாரம் மெர்சிதான் விளக்கியிருந்தாள்.

"அக்கா தங்கச்சி மாதிரி ரெண்டு ஜீன், இசக்கி. ஒண்ணு கெட்டா இன்னொண்ணு சமாளிச்சுக்கும். ரெண்டுமே கெட்டாத்தான் மூஞ்சி சேராது."

"அந்தக் கேடு தாய்கிட்ட இருந்துதான மேடம் வரும்?"

"அம்மா பாதி, அப்பா பாதி. பாக்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருப்பாங்க. ஆனா இது எலி. மனுசங்களுக்கு இப்டியே சொல்லிட முடியாது."

கடைசியாகச் சொன்னது இசக்கியின் காதில் ஏறவே இல்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

ஐந்து வருஷத்துக்கு முன்பு, கிரகணத்தன்று, மூன்று மாதம் முழுகாமல் இருந்தவளை மாமியார் பூமாரி அறைக்குள் உட்கார்த்திக் கதவைச் சாத்தினாள். ஜன்னலைப் போர்வையால் மூடியதும் அவள்தான். இசக்கி ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிள்ளை உதடு பிளந்து பிறந்ததும், அதே பூமாரி, "கிரகணத்துல அருவாமணைய எடுத்தா, நான் கண்ணால பாத்தேன்" என்று தெருவெல்லாம் சொன்னாள். அந்த வாய்க்குப் பூட்டுப் போட ஒரு ஆள் இல்லை. பிள்ளைக்கு உதட்டில் போட்ட தையலைப் பிரிக்குமுன் புருஷன் சக்திகுமார் இவளை அத்துவிட்டான்.

இன்று படப்பையில் அவனுடைய இரண்டாவது பெண்டாட்டி செல்வலட்சுமிக்கு வளைகாப்பு. ஷிப்ட் முடிந்ததும் இசக்கி ஷேர் ஆட்டோ பிடித்து, கூப்பிடாத வீட்டுக்குள் நேராகப் போய் நின்றாள்.

"ஏட்டி, இங்க எதுக்கு வந்தே?" பூமாரி சந்தனக் கையோடு எழுந்தாள்.

இசக்கி படத்தை விரித்து எல்லோருக்கும் காட்டினாள்.

"நான் அருவாமணையத் தொடல அத்தே. பிள்ளைக்கு வந்ததுல பாதி உங்க மவன்கிட்ட இருந்து வந்தது. எங்க லேப்ல கண்டுபிடிச்சிருக்காங்க. இனிமே பொறக்கதுக்கும் அவர்தான அப்பா?"

பூமாரி மகனைத் திரும்பிப் பார்த்தாள். சக்திகுமார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். இந்த ஒரு நிமிஷத்துக்காக ஐந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் இசக்கி. அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

செல்வலட்சுமி மணையிலிருந்து கையூன்றி எழுந்து வந்தாள். இருபது வயதுதான் இருக்கும். படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"எம்பிள்ளைக்கும் இப்படி வருமாக்கா?"

'இது எலி' என்று மெர்சி கடைசியாகச் சொன்னது அப்போதுதான் இசக்கிக்கு ஞாபகம் வந்தது. சொல்ல வாயெடுத்தாள். பூமாரி பயந்துபோய் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பயத்தை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்போல இருந்தது. இசக்கி உதட்டை மூடிக்கொண்டாள்.

செல்வலட்சுமி படத்தைக் கவிழ்த்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கை நிறையப் போட்டிருந்த புது வளையல்கள் நடுங்கிக் கலகலத்துக்கொண்டே இருந்தன.