பதினாலாம் நம்பர் மாடி

சுவரை உடைக்க வேண்டும் என்று முதலில் சொன்னது மெக்கானிக்கின் மனைவிதான். மெக்கானிக் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். எந்த மெஷின் எங்கே மக்கர் செய்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். வீட்டு விஷயத்தில் மட்டும் மனைவி எடுத்துக் கொடுத்தால்தான் அவருக்கு யோசனை ஓடும்.

அவருடைய அக்கா தன் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தனிக்கட்டை. இனி தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மாதத்தில் வாக்கரும் கையுமாகத் தம்பி வீட்டுக்கு வரப்போகிறாள்.

“உங்க அக்காவைப் பின் ரூம்ல படுக்க வைக்கலாம். பாத்ரூமுக்கு எப்படிப் போவாங்க? ஹாலைச் சுத்தி, சமையல்கட்டைத் தாண்டி, ரெண்டு படி இறங்கி, ரெண்டு படி ஏறி… போய்ச் சேர்றதுக்குள்ள அவசரமே மறந்து போயிடும்” என்றாள் மனைவி.

பின் அறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அதில் வாசல் வெட்டினால் நாலே எட்டு. மெக்கானிக் அப்போதே சுத்தியலைத் தேடிப் போய்விட்டார். எதற்கும் ஒரு வார்த்தை கேட்போம் என்று மனைவி கூப்பிட்டு வந்த இன்ஜினியர், சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது சும்மா தடுப்புச் சுவர் இல்லண்ணே. கூரை மொத்தமும் இது தோள்லதான் உக்காந்திருக்கு. மேல இரும்பு பீம் குடுத்துத்தான் வாசல் வெட்டணும். நகராட்சி அனுமதி இல்லாம நான் ஒரு செங்கல்லைக்கூடத் தொட மாட்டேன்.”

அவரே அளவெடுத்தார், வரைபடம் போட்டார், விண்ணப்பம் கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. மெக்கானிக் அதை நின்றுகொண்டு படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். எப்படிப் படித்தாலும் அதே வரிதான் இருந்தது. பதினாலாம் எண் வீட்டின் முதல் தளத்தில் அனுமதியின்றிக் கட்டிய அறை குறித்து நடவடிக்கை நிலுவையில் உள்ளது. ஆகவே விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலாது.

அவர் தெருவில் இறங்கி நின்று தன் வீட்டை அண்ணாந்து பார்த்தார். கூரை, அதன் மேல் தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேல் ஆகாயம்.

“என்ன, மாடி முளைச்சிருக்கா?” என்று உள்ளிருந்து மனைவி கேட்டாள்.

“பக்கத்து வீட்டுக்குத்தான் மாடி இருக்கு. அதுக்கு ஏன் நமக்கு எழுதுறாங்க?”

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். கட்டட அனுமதிப் பிரிவில் இருந்த எழுத்தரம்மா பழைய கோப்பை எடுத்து விரித்தார்.

“பதினாலு தானே? இங்க தெளிவா இருக்கே, மேல ஒரு ரூம்.”

“எங்க வீட்ல மேல தண்ணித் தொட்டிதாம்மா இருக்கு.”

“சரி, அதை விடுங்க. உங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?”

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் வாசலில் செருப்பைக் கழற்றினார். ஹாலைத் தாண்டினார். அவர் கை தானாகத் திரும்பியது. “வலது பக்கம்.”

“அனுமதி வாங்கின பழைய பிளான்ல இடது பக்கம் இருக்கே.”

“வலதுதாம்மா. இருபத்திரண்டு வருஷமா அங்கதான் குளிக்கிறேன்.”

“அப்போ பாத்ரூமையும் அனுமதி இல்லாம இடம் மாத்தியிருக்கீங்க” என்று சொல்லி, அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார் எழுத்தரம்மா.

ஒரு குற்றத்தோடு போனவர் இரண்டு குற்றத்தோடு திரும்பினார். வீட்டுக்கு வந்ததும் நேரே உள்ளே போய்க் குளியலறைக் கதவின் முன் நின்றார். வலது பக்கம்தான். வெளியே போய், மறுபடியும் உள்ளே வந்து பார்த்தார். அப்போதும் வலது. “உங்களுக்கு என்ன ஆச்சு?” என்று மனைவி கேட்க, “இது வலதுதானே?” என்றார். இவ்வளவு நாள் தெளிவாகத் தெரிந்த வீடு கண்ணெதிரே குழம்பிக் கிடந்தது.

அடுத்த வாரம் நகராட்சி ஆய்வாளர் நேரில் வந்தார். கையில் வரைபடச் சுருள். வந்தவர் வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்து கேட்டார். “படி எங்க இருக்கு?”

“எந்தப் படி சார்?”

“மாடிக்குப் போற படி.”

“மாடியே இல்லையே சார்.”

“மாடி இல்லாம மாடிக்கு எப்படி நோட்டீஸ் வரும்?”

அதைத்தான் மெக்கானிக்கும் கேட்க நினைத்திருந்தார். ஆய்வாளர் வரைபடத்தை விரித்து இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பிறகு வாசலுக்குப் போய் இரண்டு பக்கத் தெருவையும் பார்த்தார். பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

“இது தெருமுனை வீடு இல்லையா? எங்க பேப்பர்ல தெருமுனை வீடு பதினாறு. பதினாலு அந்த வீடு.”

மெக்கானிக் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். “அப்போ… நான் யார் வீட்ல சார் இருக்கேன்?”

மனைவி ஓடிப்போய்ப் பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்து வந்தாள். ஆய்வாளர் நின்றபடியே படித்தார். வடக்கிலும் கிழக்கிலும் எல்லை தெரு என்று எழுதியிருந்தது; தெருமுனை வீட்டுக்குத்தான் அது பொருந்தும். “பயப்படாதீங்க. வீடு உங்களுதுதான். நம்பர்தான் உங்களுது இல்லை. ரெட்டை வீடா கட்டியிருக்காங்க, ஒண்ணுக்கொண்ணு கண்ணாடியில பார்த்த மாதிரி. உங்க பாத்ரூம் வலதுன்னா அவங்களுது இடது. இந்த நம்பர் தகட்டை யார் அடிச்சது?”

மெக்கானிக் தகட்டின் ஆணியைத் தடவிப் பார்த்தார். அவரேதான் அடித்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஒரே வாரத்தில் குடிவந்தது. நகராட்சி ஆள் இரண்டு தகடுகளையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். பக்கத்து வீட்டுக்காரர் ரயிலில் கார்டு. “பஸ் ஸ்டாப்ல இருந்து வந்தா உங்க வீடுதான் முதல்ல. சின்ன நம்பர் உங்களுக்கு” என்று அவர் சொல்ல, இவர் ஆணி அடித்தார். தெருவின் எண்கள் மறுமுனையிலிருந்து எண்ணப்பட்டவை என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

“ரெண்டு வீட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுங்க. நம்பரைத் திருத்திடலாம்” என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் போய்விட்டார்.

சொல்வது சுலபம். பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை நின்று ஆறு வருடம் ஆகிறது. கார்டு மாடியில் அறை கட்டினார். அதன் மழைநீர்க் குழாய் மெக்கானிக்கின் பட்டறைக் கொட்டகை மேல் கொட்டியது. நான்கு மெஷின்கள் துருப்பிடித்தன. வாய்ச்சண்டையில் உறவு முறிந்தது. மூன்று வருடம் முன்பு கார்டு இறந்தபோது மெக்கானிக் வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினார். கார்டின் மனைவி, கணக்கு டீச்சர், இப்போது அங்கே தனியாக இருந்தார்.

மெக்கானிக் போய்க் கதவைத் தட்ட, டீச்சர் திறந்தார். “உள்ள வாங்க.”

உள்ளே போன மெக்கானிக் பழக்கத்தில் வலப்பக்கம் நாற்காலி இருக்கும் என்று திரும்ப, சுவரில் இடித்துக்கொண்டார். எல்லாமே இடம் மாறியிருந்தது. உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லத் தொடங்கினார். பதினாலு பதினாறாகி, பதினாறு பதினாலாகி, நடுவில் அக்காவின் இடுப்பும் கலந்து, கடைசியில் அவருக்கே எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் போயிற்று. டீச்சர் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை ஒதுக்கிவிட்டு, ஒரு காகிதத்தில் இரண்டு கட்டம் போட்டார். நம்பர் எழுதினார். ஒன்றின் மேல் இன்னொரு சின்னக் கட்டம் வரைந்தார்.

“அப்போ அந்த மாடி நோட்டீஸ் எனக்கு வரவேண்டியது.”

“ஆமா டீச்சர். கையெழுத்துப் போட்டா அது உங்க தலையில விழும். அதான் எப்படிக் கேக்கறதுன்னு…”

“முன்னாடி எப்பவாவது வந்துதா?”

“கட்டின வருஷம் ஒண்ணு வந்துது. நமக்குத்தான் மாடி இல்லையேன்னு எங்கேயோ தூக்கிப் போட்டுட்டேன்.”

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார். “அவர் அதுக்காகவே காத்துக்கிட்டிருந்தார். அனுமதி வாங்காம கட்டிட்டோமேன்னு. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா முகம் செத்துப் போயிடும். ‘இன்னும் வரலையே, இன்னும் வரலையே’ன்னு கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார்.”

மெக்கானிக் காகிதத்தில் இருந்த சின்னக் கட்டத்தைப் பார்த்தார். அந்த நோட்டீஸ் தன் வீட்டுக்கு வந்ததில் கார்டுக்கு நல்லது நடந்ததா, கெட்டது நடந்ததா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. டீச்சர் கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “அந்தக் குழாய் இன்னும் ஒழுகுதா?” என்று மட்டும் கேட்டார்.

“மழை வந்தா.”

“ம்” என்றார்.

வீட்டில் மனைவி, “என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள். “குழாயைப் பத்திக் கேட்டாங்க” என்றார். “அப்படீன்னா சரிங்கறாங்களா, இல்லைங்கறாங்களா?” அவருக்குத் தெரிந்தால்தானே.

மூன்றாம் நாள் டீச்சரே வந்தார். கையெழுத்திட்ட கடிதம் ஒரு கையில், மாடி அறையை வரன்முறைப்படுத்தக் கேட்கும் விண்ணப்பம் மறு கையில். “பயந்துக்கிட்டே இருக்கறதைவிட, கட்டினதைக் கட்டினேன்னு சொல்லிடலாம். வாங்க, சேர்ந்தே போய்க் குடுத்துட்டு வந்துடலாம்.”

எழுத்தரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுல பதினாலு யாரு?”

“நேத்து வரைக்கும் நான்” என்றார் மெக்கானிக்.

“இன்னைக்கு நான்” என்றார் டீச்சர்.

எழுத்தரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

மாடி அறைக்கு இன்னும் இரண்டு தாள் கேட்டிருந்தார்கள், அது இழுத்துக்கொண்டிருந்தது. சுவருக்கு ஐந்தாம் வாரம் அனுமதி வந்தது. இன்ஜினியர் முட்டுக் கொடுத்து, பீம் ஏற்றி, நான்கே நாளில் வாசல் வெட்டினார். மெக்கானிக் நம்பர் தகடுகளைக் கழற்றி மாற்றி அடித்தார். டீச்சர் வீட்டுக் குழாய் தெருப்பக்கம் திரும்பியது.

அக்கா வரும் நாளன்று மெக்கானிக் காலையிலிருந்தே வாசலில் நின்றார். டீ குடிக்க உள்ளே போன ஐந்து நிமிஷத்தில் வண்டி வந்து போயிருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து அக்காவின் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது. அவர் தடதடவென்று ஓடினார்.

ஆஸ்பத்திரியில் தந்த சீட்டில் பதினாலு என்று இருந்ததாம். டிரைவர் தகட்டைப் பார்த்து அங்கேயே இறக்கிவிட்டார். பல வருடமாகத் தம்பி வீட்டுப் பக்கம் வராத அக்கா, டீச்சரின் பின் அறையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, உடைக்காத சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“சுவர்ல வாசல் வச்சிருக்கேன்னு போன்ல சொன்னியேடா. வாசலையே காணோம். வீட்டை மொத்தமாத் திருப்பி வச்சிருக்கே! இதுக்கெல்லாமா அனுமதி குடுக்கறாங்க?”

“அக்கா, இது நம்ம வீடு இல்லக்கா. நம்ம வீடு அந்தப் பக்கம்” என்று மெக்கானிக் பழக்கத்தில் கையை நீட்டினார்.

“அது எங்க தோட்டம்” என்றார் டீச்சர்.