இருபது கரண்டி கிரீம்

பேக்கரிக்காரருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த நாளிலிருந்து, கிரீமை ருசி பார்க்கும் வேலை அவர் மனைவி தலையில் விழுந்தது. அவர் கரண்டியில் எடுத்து நீட்டுவார். அவள் நக்கிப் பார்த்து, இனிப்பு தூக்கலா குறைவா என்று சொல்வாள். ஒரு நாளைக்கு இருபது கரண்டியாவது இருக்கும். அவர் தப்பித்தவறி விரலை வாயில் வைத்துவிட்டால் போச்சு, தெருமுனைவரை கேட்கக் கத்துவாள். பதினோரு வருஷம் அப்படிக் காவல் காத்தாள் மகராசி.

காத்து என்ன பிரயோஜனம்? இரண்டு சிறுநீரகமும் அவரைக் கைகழுவிவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். ரத்த வகை ஒத்துப்போனது. கல்யாணத்தில் பார்க்காத பொருத்தத்தை இப்போது பார்த்தாயிற்று என்று அவர் கேலி செய்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

மிச்சப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்தாள். லேப்காரப் பெண் குழாயை மெஷினில் சுழற்றி எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று இரண்டு தரம் கேட்டாள். பச்சைத் தண்ணீர்தான் என்றாள் இவள். ரத்தத்துக்கு மேலே தெளிந்து மஞ்சளாக நிற்க வேண்டிய நீர், பால் ஊற்றினாற்போல வெளுத்துக் கிடந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டை இருவர் முன்னாலும் வைத்தார். ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு, இருக்க வேண்டியதைப்போல் நாலு மடங்கு. நல்ல கொழுப்பு பேருக்குத்தான் இருந்தது. சர்க்கரை எப்போதோ வந்து குடியேறியிருந்தது. சிறுநீரில் புரதம் இறங்கத் தொடங்கிவிட்டது. அவருடைய சிறுநீரகம் போன வழியிலேயே இவளுடையதும் கிளம்பிவிட்டது. இனி இவள் கொடுப்பதற்கில்லை, இருப்பதைக் காப்பாற்றவே மாத்திரை போட வேண்டும். வேறு யாராவது கொடுப்பார்களா என்று டாக்டர் கேட்டார். யாரும் இல்லை. பரம்பரை, எடை என்று காரணம் பல இருக்கும் என்று சொல்லிவிட்டு, இனிப்பு நிறையச் சாப்பிடுவீர்களா என்றார்.

"சாப்பிட மாட்டேன் டாக்டர். ருசிதான் பாப்பேன்."

பேக்கரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். யாரைத் திட்டுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை கடையில் கிரீம் அடித்தார். பழக்க தோஷம், கரண்டி அவள் பக்கம் நீண்டது. பாதியில் நின்றது. பிறகு அதைத் திருப்பித் தன் வாயில் வைத்து, நிதானமாகச் சப்பினார்.

"சரியாத்தான் இருக்கு," என்றார்.

அவள் கத்தவில்லை. தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள்.