கொத்தவரைத் தீவனம்

விடிவதற்குள், பண்ணையிலேயே தங்கி வேலை செய்யும் புருஷனும் பெண்டாட்டியுமாக மூன்றாவது கோழிக் கொட்டகையின் தரையை ஈரம் காயப் பாதி கிளறியிருந்தார்கள். தரையில் பரப்பிய உமியெல்லாம் கோழி எச்சத்தில் ஊறிக் களியாகிவிட்டது. மண்வெட்டியில் ஒட்டியது உதறினாலும் விழவில்லை. நெடி மூக்கை அறுத்தது. அந்த நெடியில் வாரக்கணக்கில் சிவந்தே இருந்த அவன் கண்கள் அன்று வீங்கி மூடிக்கொண்டன. சுவரைத் தடவித்தான் வெளியே வந்தான்.

சோயா விலை ஏறியதும் கோழித் தீவனத்தில் கொத்தவரை விதைப் பிண்ணாக்கைக் கலக்கச் சொன்னவர் முதலாளி. கொஞ்சமாகச் சேர்த்தவரை குஞ்சுகள் தாங்கின. அளவு கூடக் கூடக் கழிச்சல் கண்டது, தரை நனைந்தது, கறிக்கோழிக்குச் சதை பிடிக்கவில்லை.

வந்து பார்த்த முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். மற்ற இரண்டு கொட்டகையிலும் இதே தீவனம்தான், கோழி கொழுகொழுவென்று இருக்கிறது என்றார்.

“நாங்க ஓயாம கிளறிக்கிட்டுத்தானே இருக்கோம்? தீவனத்தை மாத்துங்க” என்றாள் அவள்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நாளைக்கு ரூமைக் காலி பண்ணுங்க.”

நோய் பரவும் என்று ஒரு கொட்டகை ஆள் இன்னொன்றில் கால் வைக்க அங்கே அனுமதியில்லை. அதனால் செத்த கோழிகளை மூன்று கொட்டகைக்கும் பொதுவான புதைகுழியில் போட்டவள் திரும்பாமல் அங்கேயே காத்திருந்தாள். முதல் கொட்டகை அண்ணன் செத்த கோழிச் சாக்கோடு வந்தார். பின்னாலேயே இரண்டாவது கொட்டகை அக்கா. அவிழ்த்துக் கொட்டினால் அதே ஒட்டிய நெஞ்சு, அதே புண்ணான கால். அவர்களிடமும் மற்றவர்கள் கோழி கொழுகொழுவென்று இருப்பதாகத்தான் சொல்லியிருந்தார் முதலாளி. அக்கா சிரித்துவிட்டார். அடுத்த கணமே முகம் கறுத்தது.

“இன்னைக்கு உன்னை விரட்டினா நாளைக்கு என்னைத்தான்” என்றார் அண்ணன்.

கோழிகள் என்ன பாவம் செய்தன? அவற்றுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, மூன்று கொட்டகைக் குடும்பங்களும் அலுவலகத்துக்கு நடந்தன. யாரும் ரூமைக் காலி செய்ய மாட்டோம், அவன் கண்ணுக்கு வைத்தியம் பாருங்கள், தீவனத்தை மாற்றுங்கள் என்றார்கள். வேறு ஆள் கிடைக்காமலா போகும் என்று முதலாளி கதவைச் சாத்திக்கொண்டார். அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்தார்கள்.

வெயில் ஏறியபோது தீவன லாரி வந்தது. மூட்டை இறக்குபவர்கள் விஷயத்தைக் கேட்டார்கள்; அவனுடைய வீங்கிய முகத்தைப் பார்த்தார்கள்.

“யாரு வந்திருக்கா?” என்று அவன் மனைவியிடம் கேட்டான்.

“மூட்டை இறக்குறவங்க.”

“இறக்குறாங்களா?”

“இல்ல. இங்க உக்கார வராங்க. கொஞ்சம் தள்ளி உக்காரு.”

அவன் தள்ளி உட்கார்ந்தான்.