எலினெஸின் குழிக்கரையில்

“இந்த வரிய அடிச்சிடும்மா.”

இறந்துபோன அக்கா எலினெஸின் வாழ்க்கைக் குறிப்பு எழுதிய தாளில் வைசன் விரலை வைத்தார். சவப்பெட்டி உள்ளறையில் இருந்தது. பெண்கள் சுற்றிலும் பாய்களில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள்.

“எந்த வரி மாமா?” எலினெஸின் மகள் டோரிகா பேனாவை எடுக்கவில்லை.

“பாதுகாப்பான கருக்கலைப்புக்குச் சட்டம் கேட்டுப் போராடினாங்கன்னு இருக்கே, அதான். முப்பது வருஷம் நர்ஸா இருந்தாங்கிறதே போதும். போதகர் வந்திருக்கார்.”

“அந்த வார்டுல அம்மா கையிலயே எத்தன பொம்பளப் பிள்ளைங்க உயிர் போச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாம என்ன? அதத்தானே ஊர் ஊரா சொல்லிட்டுத் திரிஞ்சா!”

தாயின் உயிர் போகிற நிலை வந்தால்தான் மருத்துவர் கருவைக் கலைக்கலாம் என்கிறது மலாவியின் சட்டம். அதை மாற்றச் சொல்லி எலினெஸ் மினிபஸ் ஏறித் தலைநகர் லிலோங்வேக்கு எம்.பி.க்களிடம் போனாள், கிராமம் கிராமமாகத் தலைவர்களிடமும் போனாள். சபை மூப்பரான வைசன் அவளோடு பேசி நான்கு வருடமாகிறது. ரத்த அழுத்தத்தில் அவள் விழுந்த செய்தி வந்து, அவர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முகத்தை மூடியிருந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் டோரிகா அந்த வரியை விட்டுவிட்டே படித்தாள். வைசன் மூச்சு விட்டார். அப்போது யாரும் அழைக்காமலே ஊர்த்தலைவர் நசிபேகோ எழுந்தார்.

“மூணு தடவ இவள என் முற்றத்துலேர்ந்து விரட்டியிருக்கேன். நாலாவது தடவ வந்தவ சட்டம் கிட்டம்னு ஒண்ணும் பேசல. ‘தலைவரே, உங்க வீட்ல யாரு?’ன்னு மட்டும் கேட்டா.”

எங்கோ ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது.

“என் மக, ஃபைனெஸ். பதினாறு வயசு. மலேரியால செத்தான்னு உங்ககிட்ட எல்லாம் சொன்னேன். மலேரியா இல்ல. கருவக் கலைக்க யாரோ குடுத்த வேர். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா போலீஸ் வரும்னு பயந்து, வீட்லயே வச்சுப் பாத்துட்டு இருந்தேன். எலினெஸோட போய் எம்.பி.ங்க முன்னாடி இத சொன்னேன். என் ஊர்ல இன்னிக்குத்தான் சொல்றேன்.”

அவர் உட்கார்ந்தார். போதகர் புத்தகத்தைத் திறந்தார். அதற்குள் பாடகர் குழுவிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

“என் தங்கச்சி, எனிஃபா.”

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்து, செங்கல் சூளைக்காரன் லுஃபேயோ.

“என் பொண்டாட்டி. ஸியோனே.”

பிறகு ஒரு கிழவர். பிறகு இரண்டு பெண்கள் ஒரே சமயத்தில். ஒருத்தி மற்றவளுக்காக நிறுத்தினாள். யாரும் அழவில்லை, காரணம் சொல்லவில்லை. பெயர் மட்டும். போதகர் புத்தகத்தை மூடிக்கொண்டார். குழி வெட்டிய ஆட்கள் மண்வெட்டிகளைத் தரையில் கிடத்தினார்கள்.

வயிற்றுவலி, காய்ச்சல், பாம்புக்கடி என்று வைசனிடம் சொல்லப்பட்ட சாவுகள் இவை. இதே மரங்களுக்கடியில் ஒவ்வொரு குழிக்கும் அவர்தான் ஜெபம் செய்திருக்கிறார். எனிஃபாவின் பெட்டிக்குக் கயிறு பிடித்தவர்களில் அவரும் ஒருவர். இத்தனை பேரையும் அக்கா ஒருத்தி தெரிந்து வைத்துக்கொண்டு, யார் வீட்டையும் காட்டிக்கொடுக்காமல், ஊர் ஊராக நடந்திருக்கிறாள். பெட்டி எவ்வளவு சிறியதாக இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தார்.

பெண்கள் பக்கத்தில் மறுபடி அசைவு. அவருடைய மனைவி லிடியா தரையில் கையூன்றி எழுந்துகொண்டிருந்தாள்.

முப்பத்தெட்டு வருடம் அவரோடு வாழ்ந்தவள். யார் பெயரைச் சொல்லப்போகிறாள் என்று வைசனுக்குத் தெரியவில்லை.

முன்னால் இருந்தவர்கள் கால்களை மடக்கி அவளுக்கு வழி விட்டார்கள்.