முக்காலி நகர்ந்த நாள்

உச்சிவெயில் கூரைகளின்மேல் உருக்கிய செம்பெனப் பரவ, தெருவின் இரைச்சல் ஓய்ந்து, அடுக்குவீடுகளின் பலகணிகளெல்லாம் இமை தாழ்த்திக் கிறங்கிய நண்பகலில், மூன்றாம் அடுக்கு வீடொன்றிலிருந்து எழுந்த 'தடால்' ஓசைக்கு முழுப் பொறுப்பாளர் அவ்வீட்டுத் தலைவரே. முப்பதாயிரம் பெட்டிகளை அடுக்கி ஆளும் கிடங்குக் காப்பாளர் அவர். ஒரு முக்காலியை ஆளத் தெரியாதவர் என்பது அன்றுதான் வெளியாயிற்று. படிப்போர் நகைக்கலாம், அவர் மனைவி நகைக்கவில்லை.

பிறவியிலேயே பார்வையற்ற அவர்தம் பதினோர் அகவை மகள், அவ்வீட்டில் மட்டும் கைக்கோலின்றி, தன் குளத்து மீன்போல் ஓடித் திரிவாள். அக்குளத்தைக் காத்தவள் தாய். தண்ணீர்க்குடம் ஒரு விரற்கடை விலகாமலும், கதவுகள் அரைகுறையாய்த் திறந்து நில்லாமலும், செருப்பொன்றேனும் வழியிற் கிடவாமலும் பதினோராண்டு அவள் ஆற்றிய பணி, நேராத இடர்களால் மட்டுமே ஆனதாகலின், எவர் கண்ணுக்கும் புலப்பட்டதில்லை. "வீட்டுல சும்மாதானே இருக்கே" என்று வாரத்திற்கு இருமுறையேனும் திருவாய் மலரும் காப்பாளருக்கோ கனவிலும் புலப்பட்டதில்லை.

மகளுக்காக விட்ட நூலகப் பணிக்கு மீண்டும் அழைப்பு வர, தாய் அன்று நேர்காணலுக்குச் சென்றிருந்தாள். அவளை வியப்பில் ஆழ்த்த எண்ணிய கணவர், தொழிற்செருக்கெல்லாம் திரட்டிக் கூடத்தைக் கிடங்கு முறைப்படி சீரமைத்தார். அடிக்கடி எடுப்பது வாயிலருகே என்னும் நெறி வழுவாமல் முக்காலியை நடைவழியில் நிறுத்திவிட்டுப் பெருமிதத்தோடு தேநீர் பருகினார்.

மகள் ஓடிவந்தாள். முன்பல் உடைந்தது.

வேலை கிடைத்த மகிழ்வோடு படியேறி வந்த தாய், மகளின் வாய்க்குருதியைத் துடைத்தாள், கணவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குச் சோறாவது இறங்கியிருக்கும். முக்காலியை, அதன் கால்கள் ஆண்டுக்கணக்கில் பதிந்த தரைத்தழும்பின்மேல் பொருந்தப் பழையபடி வைத்தாள். மகளோ அதன்பின் சுவரைப் பற்றிய கொடிபோல் ஒட்டி ஒட்டி ஊர்ந்தாள்.

"திங்கக்கிழமை சேரச் சொல்லியிருக்காங்க. இவ பழையபடி நடந்தா போவேன். இல்லன்னா இல்ல."

"ஏன், நான் பாத்துக்க மாட்டேனா?"

"ஆமா, முப்பதாயிரம் பெட்டிய பாத்துக்குறவராச்சே."

மூன்று நாள் காப்பாளர் செருப்பைக் கையிலேந்திப் பூனைபோல் நடந்தார். முக்காலியைத் தொடவும் அஞ்சி நின்றே உண்டார். ஞாயிறு மாலை, மங்கிய ஒளி தரையில் நீள, மகள்முன் குந்தினார்.

"கண்ணு, எல்லாம் அதது அங்கங்கதான் இருக்கு. அப்பா இனிமே எதையும் நகத்த மாட்டேன். அம்மா வேலைக்குப் போனா நீ பழையபடி நடப்பல்ல?"

அடுக்களையில் தாய் கலம் கழுவும் ஓசை நின்றது. மகளின் கை சுவரை விடவில்லை. சுவர்களால் அன்று, ஒருத்தியின் ஓயாத விழிப்பால் நிற்பதே வீடென்பதும், அவ்விழிப்பு மூன்று நாளில் கைமாறும் சரக்கன்று என்பதும் காப்பாளருக்கு அப்போது உறைத்தன. காலங்கடந்து உறைத்து என்ன பயன்?

மகள் உடைந்த பல்லை நாவால் தடவினாள்.

"இல்லப்பா. அம்மா வேலையிலேர்ந்து வர்ற வரைக்கும் நான் உக்காந்தே இருக்கேன்."